போத்தலோடு ஓடி வாருங்கள்

மேடையை அணிசெய்யும் ஆலயத் தலைவர் திருச்செல்வம் அவர்களே, அருகமர்ந்த ஆன்றோர்களே, வேலைக் களைப்போடும் வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, கொட்டகையில் தேநீரை ஆறவிட்டு நிற்கும் தோழர்களே! அனைவருக்கும் இந்த ஹேமநாதனின் பணிவான வணக்கம்.

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக மருத்துவ உதவியாளனாக இருக்கிறேன். நஞ்சுண்டு வருவோர் யார்? பகைவன் கலந்த பாலையா குடித்தார்கள்? இல்லை! நாமே ஊற்றி, நாமே மூடி, நம் அடுக்களையிலேயே அடுக்கி வைத்ததைக் குடித்தார்கள். பிள்ளைக்கு மண்ணெண்ணெய், பெரியவருக்கு மறந்துபோய் மறுபடி விழுங்கிய மாத்திரை, தோட்டத்தாருக்குப் புல்லு மருந்து!

சென்ற ஆண்டு இதே சிம்பாங் ரெங்கம் ஆலயத்தில் ஊர்கூடித் துப்புரவு செய்யும் கோத்தோங் ரோயோங். வளாகத்துப் புல்லை அழிக்க மணியம் அண்ணன், செம்பனைத் தோட்டத்தில் மிஞ்சிய மருந்தை, குடிக்கும் சர்பத் வரும் சிரப் போத்தலில் கொண்டுவந்தார். எல்லாரும் அப்படித்தானே கொண்டுவருகிறோம்? அதோ, இருவர் தலையைக் குனிகிறார்கள்! அவர் அதை வைத்த இடம் அன்னதான மேசை. வெயிலில் வந்த அவர் மனைவி செல்லம் அக்கா, கோப்பையில் ஊற்றி இரண்டு மடக்குக் குடித்துவிட்டார்.

"என்ன குடிச்சாங்க?" அவசரப் பிரிவுக்கு அக்காவைத் தூக்கி வந்த அண்ணனிடம் மும்முறை கேட்டேன்.

"காலையில சாப்பிட்ட நாசி லெமாக் ஒத்துக்கல லா" என்றார் அண்ணன்.

ஏன் மறைத்தார்? எவருக்கு அஞ்சி மறைத்தார்? மகள் லோஷினி கோயில் குப்பைத் தொட்டியைக் கிளறி, அப்பா வீசிய போத்தலோடு ஓடி வந்தபோது ஒன்றரை மணி நேரம் கரைந்திருந்தது. அக்கா பதினேழு நாள் போராடிப் பிழைத்தார்.

கைதட்டாதீர்கள், கதை முடியவில்லை. அன்று வார்டு வாசலில், ஊரார் முன்னிலையில், "கட்டின பொண்டாட்டியவிட உங்க மானம் பெருசா?" என்று நான் கத்தினேன். வாட்ஸ்அப்பில் அது ஊரெல்லாம் சுற்றியது.

அடுத்த மாதம் ஓர் இளந்தாய் குழந்தையைத் தூக்கி வந்தாள். "காய்ச்சல்" என்றாள். நாடி தளர்ந்து, பிள்ளையின் கண் செருகிய பிறகே உண்மை வந்தது: தாத்தாவின் இரத்த அழுத்த மாத்திரை. ஏனம்மா மறைத்தாய் என்றேன்.

"மணியம் அங்கிள திட்டுன மாதிரி என்னையும் திட்டுவீங்கன்னு பயந்துட்டேன் சார்."

குழந்தை மூன்று நாள் சுவாச இயந்திரத்தில் கிடந்து மீண்டது. நான் இன்னும் மீளவில்லை.

தாய்மார்களே! குடிக்கும் போத்தலில் கொல்லும் மருந்தை ஊற்றாதீர்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். நஞ்சுண்டவரை வாந்தியெடுக்க வைக்காதீர்கள். போத்தலோடு ஓடி வாருங்கள். நஞ்சு குடலை எரிக்கும்; பயமோ, காப்பாற்றும் நேரத்தையே எரிக்கும்! உண்மையைச் சொல்லுங்கள். திட்ட மாட்டோம். திட்டினால் என் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்.

மணியம் அண்ணே, ஓராண்டாக இந்தக் கோயிலில் தூணோரமாகவே நிற்கிறீர்கள். ஊரறியத் திட்டினேன், ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன். தலைவர் அவர்களே, இம்மேடையில் எனக்கு அளித்த நாற்காலியில் அவர் அமரட்டும். செவிமடுத்த உங்களுக்கு நன்றி, வணக்கம். அண்ணே, மேலே வாங்க. நான் கீழே இறங்கிக்கிறேன்.