எட்டாம் நாள் முளைத்தவை

தட்டு மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பூவாளியை உயர்த்திப் பிடிக்கக் கூடாது, மண் கலங்கிவிடும். பதினொரு வருடத்தில் என் கை தானாகப் பழகிக்கொண்ட விஷயம் இது.

என் வேலை எளிமையானது. குன்றில் உண்ணிச்செடிப் புதருக்கு அடியிலிருந்து மண் எடுத்து வந்து, தட்டுகளில் பரப்பி, என்ன முளைக்கிறது என்று எண்ண வேண்டும். குன்றின் சொந்தச் செடிகளுடைய விதை மண்ணுக்குள் இன்னும் உயிரோடு இருந்தால், புதரை வெட்டிக்கொண்டே வந்தால் போதும், குன்று தேறிவிடும். இல்லையென்றால் அதைக் கல்குவாரிக்குக் கொடுத்துவிடுவதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

நாலாம் வருடம் எல்லாத் தட்டிலும் உண்ணிச்செடி மட்டுமே முளைத்தது. எங்கிருந்தோ வந்த செடி, வேறு எதையும் பூக்கவிடாமல் நிழலால் மூடி, கீழே கிடந்த விதையெல்லாம் மக்கிப்போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்திருக்கிறது. பக்கத்துக் குன்றில் அந்தச் சொந்தச் செடிகளின் விதை பொறுக்கி வந்து தட்டுகளில் தூவினேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். குன்றுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் தூவ ஆரம்பித்த பிறகு நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் எண்ணிக்கை விழும், ஏன் என்று கேட்பார்கள். ஏழு வருடம் ஒருநாள்கூட லீவு எடுக்கவில்லை. தங்கை கல்யாணத்தன்று மதியமே வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

புதிதாக வந்த உதவியாளர் கெட்டிக்காரப் பெண். அக்கா, அக்கா என்று பின்னாலேயே சுற்றுவாள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய பதிவேடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, மண்ணுல கிடந்த விதைன்னா ஒண்ணு இன்னிக்கு வரும், ஒண்ணு மூணு மாசம் கழிச்சு வரும். இது மட்டும் எப்படிக்கா வருஷா வருஷம் எட்டாம் நாளே மொத்தமா முளைக்குது?"

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"உங்ககிட்ட கேக்காம சொல்வேனா?"

நல்ல பெண். குளிரறையில் போன வருட மண் பை இருக்கிறது, எடுத்து வா, சேர்ந்து பார்க்கலாம் என்றேன். போனை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கதவின் உள்பிடி உடைந்து ஒரு மாதமாகிறது. சரிசெய்யச் சொல்லிக் கடிதம் எழுதியவளே நான்தான், நகல்கூட இருக்கிறது. நான் பூட்டவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் திறக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த மூன்று நாளும் எல்லோருக்கும் விடுமுறை.

"அக்கா, கதவு மாட்டிக்கிச்சு" என்று தட்டினாள். என் மேல் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். சனிக்கிழமையும் வந்து ஊற்றினேன். அப்போதும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லை.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் ஏதோ எழுதுகிறீர்கள். அவசரப்பட்டு அவளைச் செத்தவள் என்று எழுதிவிடாதீர்கள். அங்கே நாலு டிகிரிதான். அந்தக் குளிரில் விதை எதுவும் சாவதில்லை, உறங்கும். வெளிச்சத்தில் வைத்து, கொஞ்சம் ஈரம் கொடுத்து, எட்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.