வரப்போரக் கொக்குகள்

மாரியாயி: வண்டிய நிறுத்து அழகிரி. ரெண்டு சுத்து ஓட்டுனது போதும்.

அழகிரி: ஏன்க்கா... சேறு நல்லாத்தானே கலங்குது? அங்க பாருங்க, கொக்கு. ஒம்பது, பத்து... பதினொண்ணு. உழும்போது கொக்கு வந்தாத்தான் இந்தச் சின்னையன் வயலக் குத்தகைக்குப் புடிப்பேன்னு உப்பிலியபுரம் பூரா சொல்லிட்டிருந்தீங்க. வந்துருச்சு. நாளைக்குக் கையெழுத்தப் போடுங்க.

மாரியாயி: நீ உழுதது நடுவயல்ல. அது நிக்கிறது வரப்போரமா.

அழகிரி: டிராக்டர் சத்தத்துக்குப் பயம் போல.

மாரியாயி: கொக்குக்கா? போன மாசம் என் தம்பி வயல்ல உன் மடியில ஏறி உக்காராத கொறைதான். கலப்பைய ஒட்டியே வந்துச்சு.

அழகிரி: அது பழகுன கொக்கு.

மாரியாயி: ஆமா, நீ சோறூட்டி வளத்தது... எறங்கி வா. இந்தச் சேத்த அள்ளிப் பாரு. ஒரு மண்புழு, ஒரு பூச்சி... ஏதாவது நெளியுதா?

அழகிரி: இப்படி நோண்டிப் பாத்தா யாரு வயலுந்தான்...

மாரியாயி: அப்ப அதுங்க எதக் கொத்துது?

அழகிரி: புழுவத்தான்.

மாரியாயி: புழு வெயில்ல மின்னுமா?

அழகிரி: ஈரம்க்கா... வெயிலு பட்டா மின்னத்தானே செய்யும்.

மாரியாயி: உன் சட்டையில மீன் நாத்தம் அடிக்குதுடா.

அழகிரி: நேத்து வீட்டுல மீன்கொழம்பு.

மாரியாயி: புரட்டாசி சனிக்கெழமையிலயா? நேத்து விடியக்காலம் நாமத்தப் போட்டுக்கிட்டு, ஸ்ரீரங்கம் பஸ்ஸுல எனக்கு சீட்டுப் புடிச்சுக் குடுத்தது யாரு?

அழகிரி: ...பொடிமீன்க்கா. காலையில துறையூர்ல வாங்குனேன். இந்த மாசம் மீனு சீந்துவாரில்லாமக் கெடக்கு. மீன்காரம்மா ரெண்டு கை கூடவே அள்ளிப் போட்டுச்சு. சின்னையன் மாமாதான் தூவச் சொன்னாரு. நடுவயல்ல போட்டா சேத்துல முங்கிரும்னு வரப்போரமா...

மாரியாயி: அவரு சொன்னா செஞ்சிருவியா?

அழகிரி: அவரு பதினாலு ஏக்கரும் நான்தானே உழுவுறேன். முடியாதுன்னா நாளைக்கே வேற வண்டி எறங்கிரும். அதுவுமில்லாம... உங்களுக்கும் வேற யாரும் வயலு தரல. இதாவது கெடைக்கட்டுமேன்னு...

மாரியாயி: கெடைச்சா எனக்கு வலிக்குதா? முப்பது வருஷம் அடுத்தவங்க வயல்லயே நட்டுட்டேன். ஒரு போகமாவது எனக்குன்னு நடணும். ஆனா இது செத்த மண்ணுடா. மூட்டை மூட்டையா உரத்தக் கொட்டுனாத்தான் பச்சையே தெரியும்.

அழகிரி: அப்ப கையெழுத்து?

மாரியாயி: இல்ல. ரெண்டு வருஷம் தழையுரத்துக்குக் கொளுஞ்சி வெதைச்சு மடக்கி உழட்டும். பூச்சிமருந்து பக்கமே போகக் கூடாது. கொக்கு தானா வந்தா, நானும் வரேன்னு சொல்லு.

அழகிரி: சரிக்கா... ஆனா நீங்க வந்ததுலேர்ந்து அந்த வரப்பு மூலையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. மீன் போட்டது முன்னாடியே தெரியுமா?

மாரியாயி: தெரியாது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்த வயலுக்குக் குருணை மருந்து வீசுனது நான்தான். கூலிக்கு, வெறுங்கையால. மறுநா வந்து பாத்தா கொக்கா செத்து விழுந்து கெடந்துச்சு. வெளிய தெரிய வேணாம்னாரு சின்னையன். நானும் வாயத் தொறக்கல... நீ மீன் தூவுனியே, அந்த வரப்புக்கு அடியிலதான் எல்லாத்தையும் பொதைச்சேன்.