வட்டக்குழியும் தூக்குப்போசியும்

கிட்ட வந்து உக்காருங்க. ஹர்ஷாகிட்ட மட்டும் இதைக் கேட்டுறாதீங்க, அவன் மூஞ்சி செத்துப்போகும்.

பொழுது எறங்குற நேரம்... கிணத்துக்கடவு தாண்டி, தென்னந்தோப்புக்கு நடுவுல போற தடம். ஈ காக்கா இருக்காது. ஹர்ஷாவோட பெரியப்பா நரசிம்மலு, சோத்துத் தூக்குப்போசியும் டார்ச்சுமா அதுல நடந்து ராக்காவலுக்குப் போவாருங்க. வேலை பாத்த மில்லு மூடியாச்சு. சம்சாரம் வெங்கடலட்சுமியும் போய்ச் சேந்தாச்சு. ஊட்டுல பேச ஆளில்ல. அதுக்குத்தான் இந்த வேலை.

அவரு காவல் காத்த எடத்துல, தொல்லியல்காரங்க பழைய சந்தைப்பேட்டையைத் தோண்டிட்டு இருந்தாங்க. மேல ஓட்டுச்சில்லு, அடியில சாம்பல், அதுக்கும் அடியில... வட்டமா ஒரு குழி. சுத்தியும் கல்லுப்படி, நடுவுல செம்மணல் தரை. ரோமாபுரி யாவாரிக வந்துபோன காலமாம். எதுக்குக் கட்டுனாங்கன்னு அப்போ யாருக்கும் தெரியல.

மேல காத்து ஜாஸ்தின்னு, நட்டநடுத் தரையில எறங்கி உக்காந்து சாப்பிடுவாரு. நம்ம பழக்கம்தான் தெரியுமே, சோத்துல கை வெக்கறதுக்கு முன்னால எதுக்க இருக்கறவங்களைக் கூப்பிட்டுருவோம். அன்னிக்கு எதுக்க வெறும் படிதான். இருந்தாலும் வாய் சும்மா இருக்கல.

"ஏனுங்க... சாப்புட வாங்க."

சரக்... துணி கல்லுல உரசுது. சரக்... சரக்... சுத்திலும், படி படியா, யாரோ வந்து உக்கார்றாங்க. ஆளு தெரியல. எண்ணெய் தேச்ச ஒடம்பு வாசம் மட்டும் கப்புனு அடிக்குது.

பயந்தாருன்னா நெனைக்கறீங்க? அழுதாருங்க, சந்தோசத்துல. சம்சாரம் போனதுல இருந்து அவரு சாப்பிடறப்போ கூட ஒரு சீவன் உக்காந்ததே இல்ல. அப்புறம் தெனமும் கூப்பிட்டாரு. அவங்களும் தெனமும் வந்தாங்க.

மழைக்கு முன்னால குழியை மூடுற நாள் வந்துச்சு. அங்க தோண்டிட்டு இருந்த இளவேனில்ங்கற புள்ளைதான் சொல்லுச்சு. "இப்பத் தெரிஞ்சுபோச்சுங்க ஐயா. படியில சனம் உக்காந்து வேடிக்கை பாக்கும். நடுவுல ஒரு ஆளை உட்டு, இரும்புக் கேட்டை மேல தூக்கி மிருகத்தைத் தொறந்து உடுவாங்க."

நரசிம்மலு, தான் தெனமும் உக்காந்த நடுத்தரையை எட்டிப் பாத்தாரு. அவங்க... சாப்பிட வரவே இல்ல.

ஹர்ஷா அவரை டவுனுக்கு, ஆர்.எஸ்.புரத்துல இருக்கற தன்னோட ஊட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டான். கொறையொண்ணும் வெக்கல. ஆனா ராத்திரியானா ஆளுக்கொரு ரூம்பு, கையில போனு. "பெரியப்பா, சாப்பிட்டுக்குங்க"ன்னு தட்டை வெச்சுட்டுக் கதவைச் சாத்திக்குவாங்க. பாவம், பல்லைக் கடிச்சுட்டு இருந்து பாத்தாருங்க. முடியல.

ஒரு நாள் ரூம்புக்குள்ள இருந்த ஹர்ஷாவுக்கு, ஹால்ல இருந்து பெரியப்பா குரல் கேட்டுது. கெஞ்சற மாதிரி...

"ஏனுங்க... சாப்புட வாங்க."

சரக்... சரக்... அப்புறம், கனமான இரும்புக் கேட்டை மேல தூக்கற மாதிரி ஒரு கிரீச். அந்த ஊட்டுல அப்படியொரு கேட்டே கெடையாது.

ஓடி வந்து பாத்தான். தட்டுல சோறு அப்படியே இருக்குது. வாசக்கதவு உள்தாழ் போட்டபடி இருக்குது. பெரியப்பா இல்ல. நாற்காலி, சோபா, மோடா எல்லாம் அந்தத் தட்டைப் பாத்து வட்டமா திரும்பியிருக்குது.

ஒண்ணொண்ணா தொட்டுப் பாத்தானாம்...

எல்லாத்துலயும் உக்காந்து எந்திரிச்ச சூடு.