எட்டு மாத வெற்றுத்தாள்

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

கிரிம்ஸ்பியில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை மாடி வீடு. நானும் நான்கு பிள்ளைகளும். ஒரு குடும்பத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் உதவி என்று அரசாங்கம் வரம்பு கட்டியது. அதைத் தாண்டியதை எங்கள் வாடகை உதவியில் வெட்டினார்கள். வேலைக்குப் போனால் வரம்பு கிடையாது. கடைக்குட்டிக்கோ பத்து மாதம். இதைவிட மலிவான வீடு ஊரில் இல்லை. வீட்டுக்காரர் பிக்கர்ஸ்கில் வாசலில் நின்று, "உம்மேல கோபமில்ல லொரெய்ன். முழு வாடகை வரலேன்னா காலி பண்ணித்தான் ஆகணும்" என்றார். நல்ல மனிதர்தான்.

அப்போதுதான் என் இரண்டாவது மகள் எஸ்மிக்கு வலிப்பு வந்தது. ஏழு வயது. நோயுள்ள பிள்ளைக்கான உதவித்தொகை அவளுக்குக் கிடைத்ததும், எங்கள் வீட்டுக்கு அந்த வரம்பு இல்லை என்று கடிதம் வந்தது. அந்த வாரம்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு மருந்து வேலை செய்தது. சிவப்புத் திரவம், காலையும் மாலையும் ஒரு கரண்டி. வலிப்பு வந்த தேதிகளைக் குறிக்க நர்ஸ் கொடுத்திருந்த நோட்டில் எட்டு மாதம் வெற்றுத்தாள். உதவித்தொகையைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. நோட்டையும் கேட்டிருந்தார்கள்.

"நாலு தேதிய நீயே எழுதிப் போடேண்டி. யாரு வந்து பாக்கப்போறா?" என்றாள் பக்கத்து வீட்டு ஷீனா. "இல்ல, நான் யோக்கியம்னு இருந்தா மூட்டையக் கட்டு."

உட்கார்ந்து பார்த்தேன். நடக்காததை எழுதக் கை வரவில்லை.

மருந்துப் புட்டியைக் கழுவி, செர்ரிச் சாறு ஊற்றி வைத்தேன். அதே நிறம்.

"மருந்து இன்னிக்கு நல்லா இருக்கும்மா. இன்னொரு கரண்டி தாயேன்" என்றாள் எஸ்மி. கொடுத்தேன்.

முதல் வலிப்பு திங்கட்கிழமை, காலை உணவின்போது. எழுதினேன். இரண்டாவது பள்ளி வாசலில். மூன்றாவது சோபாவில், நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான்கு போதும் என்றுதான் வைத்திருந்தேன். நான்கு வந்ததும் மறுபடி மருந்தையே கொடுப்பதாக இருந்தேன்.

நான்காவது, குளியல் தொட்டியில். நான் கீழே மற்றவர்களுக்கு ரொட்டி வாட்டிக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அதையும் எழுதிவிட்டேன். நோட்டு இதோ, இந்த ஸ்டேஷனில் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. புரட்டிப் பாருங்கள். ஒரு தேதிகூட நான் பொய்யாக எழுதவில்லை.