கட்டைவிரலுக்குத் தெரிந்தது

— இது தம்பி டௌவெயோட மருந்து டப்பா, இது என்னோடது. மீந்த மாத்திரையத் திருப்பிக் குடுக்கணும்னு சொன்னீங்களே.

— நானே வீட்டுக்கு வந்து வாங்கியிருப்பேன், வீபெ ஐயா. தம்பிய அடக்கம் பண்ணி ஒரு வாரம்கூட ஆகல.

— செவ்வாக்கிழமை. நல்ல கூட்டம். காப்பியும் ஆளுக்கு ஒரு துண்டு கேக்கும் குடுத்தோம். ரெண்டாவது துண்டு கேட்டவன் ஒருத்தன்தான். வெளியூர்க்காரன்.

— நாலு வருஷமா ரெண்டு பேரும் சேர்ந்தே இங்க வருவீங்க. இன்னைக்குத்தான் மருந்து ஆய்வு முடிஞ்ச கடிதம் வந்திருக்கு. யாருக்கு நெஜ மருந்து, யாருக்கு வெறும் மாவு மாத்திரைன்னு நர்ஸான எனக்கே இதைப் பிரிச்சாத்தான் தெரியும்.

— எனக்கு மூணாவது மாசமே தெரியும், நீன்கெம்மா.

— எப்படி?

— கால் கட்டைவிரல் சொல்லிச்சு. எனக்கும் அவனுக்கும் கீல்வாதம், அப்பா விட்டுட்டுப்போன சொத்து. என் விரல் மழைய ரேடியோவுக்கு ரெண்டு நாள் முன்னால சொல்லும். பாதித் தெரு அதைக் கேட்டுத்தான் துணி காயப்போடும். பாதிரியார்கூட ஒருதடவை கேட்டனுப்பினார்.

— அதுக்கும் இதுக்கும்...

— நீங்க குடுத்ததே பழைய கீல்வாத மருந்துதானே. மாரடைப்பு திரும்ப வராம அது தடுக்குமான்னு பாக்கறீங்க. மொத ரெண்டு மாசம் போர்வை பட்டாலே எனக்கு உயிர் போச்சு. அவன் படகுக்குப் படகு தாவிக்கிட்டிருந்தான். மூணாவது மாசம் என் விரல் வாயை மூடிக்கிச்சு. மருந்து ஊற நாளாகும்போலன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் நொண்டினது அவன்.

— அவர்கிட்ட சொன்னீங்களா?

— இல்ல. சொன்னா பங்கு குடுக்கணுமே. எனக்கும் நெஞ்சு ஒருதடவை அடைச்சிருக்கு. அவன் நொண்டறதப் பாத்துக்கிட்டே தினம் ஒண்ணு முழுங்கினேன். இப்ப அவன் நெஞ்சடைச்சுப் போயிட்டான். அழுகை வரல. சவப்பெட்டிய மூடறப்பவும் வரல. கால் வலிச்சாலாவது தேவலை. அதுவும் வலிக்கல.

— அந்த மாத்திரை சாப்பிட்டிருந்தா பொழைச்சிருப்பார்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆபத்து கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான்.

— கடிதத்தப் பிரிங்க.

— உங்க எண்ணுக்கு... மாவு மாத்திரை.

— இன்னொருதடவை படிங்க.

— உங்களுக்கு மாவு. நெஜ மருந்து டௌவெ ஐயாவுக்கு.

— அப்ப என் விரல்?

— அதான் எனக்கும் புரியல. டப்பா ஏதும் மாறிடுச்சா? உங்க மாத்திரைய யார் எடுத்துவைப்பாங்க?

— மொத ரெண்டு மாசம் நானேதான். அப்புறம், உனக்குக் கண்ணு மங்கிடுச்சுன்னு டௌவெ சொன்னான். ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு காப்பிக்கு வரும்போது, என் வாரப் பெட்டில ஏழு குழியையும் அவனே நிரப்பிவைப்பான்.

— உங்க டப்பாலேர்ந்துதானே?

— நான் பார்த்ததில்ல. தன்னோட டப்பாவையும் சட்டைப்பையில போட்டுக்கிட்டுத்தான் வருவான்.