ஆர்வில் டீட்ஸ் கேட்ட பீர்

காத்திருப்பதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. இந்த அறையில் உட்கார வைத்துவிட்டுப் போனதற்காக நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். தேவையே இல்லை. நாற்காலி சுத்தமாக இருக்கிறது, ஜன்னல் வழியே நெடுஞ்சாலை தெரிகிறது. இதைவிட மோசமான இடங்களில் காத்துக் கிடந்து பழகியவன் நான்.

உங்கள் கேள்வி நியாயமானது. ஆர்வில் டீட்ஸ் இறந்ததைப் பற்றி நான் மருத்துவக் கல்லூரிக்கு எழுதி அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்துத்தான் அவர் இறந்தார். அப்படியானால் எழுதியது பொய்தானே என்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் சுலபமாகப் போட்டுவிட்டீர்கள். அதனால்தான் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வக்கீல் வேண்டாம்.

மருத்துவக் கல்லூரிக்கு நான் விண்ணப்பித்தது அது இரண்டாவது வருடம். மதிப்பெண்ணில் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் இடம் கொடுப்பதில்லை, நேர்காணலுக்குக் கூப்பிட வேண்டும். அக்டோபரில் கல்லூரியின் தளத்தில் என் பக்கத்தைத் திறந்தபோது ஒரே ஒரு வரி இருந்தது. உங்கள் விண்ணப்பம் நேர்காணலுக்கு முன் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. போ என்றிருந்தால் போயிருப்பேன். தினமும் காலையில் பல் துலக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறப்பேன், அதே வரி இருக்கும். நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தில் மாமா என்னைப் பார்த்து, "என்னடா டெரிக், போன்ல ஹோல்டு போட்ட மாதிரி இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்கியா? பாட்டாவது போடறாங்களா?" என்றார். மேஜை முழுக்கச் சிரித்தது. அவர் வாய்க்குள் பாதி மென்ற வான்கோழி தெரிந்தது. அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

எனக்கு அருவருப்பு அதிகம். இதை மறைக்க நான் விரும்பவில்லை. சளி, எச்சில், ஈரமான உதடு, வயதான தோலின் வாடை எதையும் சகிக்க முடியாது. அப்புறம் எதற்கு டாக்டர் படிப்பு என்று கேட்பீர்கள். உடம்பு கெட்டுப்போவதை நிறுத்தும் ஒரே தொழில் அதுதான் என்பதால். அதிலும் படங்களைப் பார்த்து நோய் சொல்லும் பிரிவைத்தான் மனதில் வைத்திருந்தேன். இருட்டு அறை, திரை, கறுப்பு வெள்ளைப் படம். அங்கே யாரும் யார் முகத்திலும் இருமமாட்டார்கள்.

நான் பட்டம் படித்த கல்லூரியில் வழிகாட்டியாக இருந்த ப்ரூயிட் அம்மையாரைப் போய்ப் பார்த்தேன். அவர் சாலட் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்.

"உன் மார்க்கைப் பாத்தா எனக்கே பயமா இருக்குப்பா. ஆனா விண்ணப்பத்துல மனுஷ வாடையே இல்லியே. ஒரு நோயாளி கையைப் புடிச்சேன், ஒரு ராத்திரி தூங்கல, அப்படி ஒண்ணுமே காணோம். நிறுத்தி வெக்கப்பட்டவங்க ஒரே ஒரு தடவை புதுசா எழுதி அனுப்பலாம். அதை வீணடிச்சிடாதே."

"என்ன எழுதணும்?"

"யாராவது சாகும்போது பக்கத்துல இருந்தேன்னு எழுதினா படிப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர் மாதிரி முள்கரண்டியால் இலைகளைக் கிளறினார்.

ஊருக்கு வெளியே, இனி வைத்தியம் வேண்டாம், நிம்மதியாகப் போகட்டும் என்று முடிவானவர்களை வைத்துப் பார்க்கும் இல்லம் இருக்கிறது. அங்கே தொண்டனாகச் சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, புத்தகம் படித்துக் காட்டுவது, கையைப் பிடிப்பது, இவ்வளவுதான் என் வேலை. சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்கக் கூடாது. இதை முதல் நாளே சொன்னார்கள், கையெழுத்தும் போட்டேன்.

ஆர்வில் டீட்ஸ் எனக்கு ஒதுக்கப்பட்டவர். நாற்பது வருடம் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவர். பக்கவாதம் வந்து தொண்டை கெட்டுப்போயிருந்தது, இதயமும் ஓய்ந்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீர் குடித்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்பதால் தண்ணீர், காபி, பழச்சாறு எல்லாவற்றிலும் ஒரு மாவைக் கலந்து கூழாக்கி ஸ்பூனில் ஊட்டுவார்கள். கட்டிலுக்கு மேல் பெரிய எழுத்தில் அதை எழுதி ஒட்டியிருந்தது. அந்தக் கூழ் தாடையில் வழியும். அதைத் துடைக்காமலே அவர் பேசுவார்.

"டேய் டாக்டரு, அது எதுக்கு மூக்கை இப்படிச் சுளிக்கிற? நான் செத்தப்புறம் நாறிக்கறேன், இப்ப இருந்தே ஒத்திகையா?"

"நான் இன்னும் டாக்டர் ஆகலை, மிஸ்டர் டீட்ஸ்."

"ஆகமாட்டே. சந்தைக்கு எத்தனை கன்னுக்குட்டி வந்திருக்கும், பாத்த உடனே சொல்லிடுவேன். ரோண்டா, இங்க வாம்மா! இந்தக் கன்னுக்கு யாரு விலை கேக்கறீங்க? பல்லு நல்லா இருக்கு, உடம்பு நல்லா இருக்கு, உள்ளதான் ஒண்ணுமில்ல. சும்மா குடுத்தாலும் ஓட்டிட்டுப் போக ஆள் வராது!"

நர்ஸ் ரோண்டா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "விடு தம்பி, அவருக்கு உன்னைப் புடிச்சிருக்கு. புடிக்காதவங்களை ஏலம் விடமாட்டாரு." அவர் சிரித்தபோது கூழ் என் சட்டைக் கையில் தெறித்தது. வீட்டுக்குப் போய் அந்தச் சட்டையைக் குப்பையில் போட்டேன்.

ஜனவரியில் அவர் கண் திறப்பது நின்றது. நான் எழுதி அனுப்புவதற்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை அவருடைய மூச்சு நின்று நின்று வந்தது. ரோண்டா அவருடைய மகள் கோனியைத் தனியே கூப்பிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோதாம்மா" என்றாள். கோனி பாதிரியாரை அழைத்துவந்தாள். நான் வீட்டுக்கு வந்து இப்படி எழுதினேன்: பகல் வெளிச்சத்தில் அவர் போனார். என் கை அவர் கையைப் பிடித்திருந்தது. கடைசியாக அவர் என்னை டாக்டர் என்று கூப்பிட்டார். நான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். எளிமையாக, அழுகை இல்லாமல் எழுதினேன். நடக்கப் போவதைச் சற்று முன்கூட்டியே எழுதினேன், வேறொன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை அனுப்பினேன்.

அன்று மதியம் போனால் ஆர்வில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து முட்டை கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிலபேர் அப்படித்தான் தம்பி" என்றாள் ரோண்டா. "சாவையே வாசல்ல நிக்க வெச்சிட்டு உள்ள வந்து சாப்பிட உக்காந்துடுவாங்க."

அடுத்த வாரம் அவர் சக்கர நாற்காலியில் கூடத்துக்கு வந்தார். அதற்கடுத்த வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, இவருக்கு இனி இந்த இல்லம் தேவையில்லை, மகள் வீட்டுக்குப் போகலாம் என்றார். இப்படி உயிரோடு வெளியே போகிறவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. பட்டமளிப்பு என்று பெயர் வைத்து, தலையில் அட்டைத் தொப்பி மாட்டி, கேக் வெட்டுவார்கள். ஆர்விலுக்கு நாள் குறித்தார்கள். கோனி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் கண்ணீரும் மூக்கும் என் கழுத்தில் ஈரமாக ஒட்டின.

அந்த வாரம்தான் என் பக்கத்தில் வரி மாறியது. நிறுத்தி வைப்பு நீக்கப்பட்டு, பிப்ரவரியில் நேர்காணல் என்றிருந்தது. நீங்கள் அனுப்பியது தேர்வுக் குழுவை மிகவும் நெகிழச் செய்தது, அந்த இல்லத்தாரோடும் பேச விரும்புகிறோம் என்று ஒரு குறிப்பும் இருந்தது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நான் மூன்று வயதிலிருந்து கேட்டு வளர்ந்த டாக்டர் என்ற சொல், என் வாழ்க்கை. இன்னொரு பக்கம் தாடையில் முட்டை வழிய, அட்டைத் தொப்பி போட்டுக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர். போக வேண்டிய நாளில் போகாதவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அருவருப்புதான் இருந்தது. ஒரு விருந்தாளி விடைபெற்று, கோட்டு மாட்டிக்கொண்டு, மறுபடியும் வந்து சோபாவில் சாய்ந்தால் வருமே, அது.

பீர் அவரே கேட்டது. நானாக அவரைக் கேட்க வைக்கவில்லை. ஒருநாள் மதியம் ரோண்டா அந்தப் பக்கம் போனதும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"டாக்டரு, ஒரு உபகாரம் பண்ணு. ஜில்லுனு ஒரு பீரு. கூழா இல்ல, நுரையோட. ஒரு வருஷமாச்சுடா தொண்டையில ஏதாவது ஓடி."

"கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்களே."

"எழுதினவனுக்குத் தாகமா, எனக்குத் தாகமா?"

மறுநாள் சாலையோரக் கடையில் வாங்கி, காபி ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போனேன். முதல் வாயில் இருமினார். முகம் சிவந்தது. நான் துணியைக் கொடுத்தேன். மறுபடியும் கை நீட்டினார். குடித்து முடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "நான் தப்பா எடை போட்டுட்டேன்டா உன்னை" என்றார். அவர் அழுதார் என்று நினைக்கிறேன். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளும் கொண்டுபோனேன். அதற்கடுத்த நாளும். இருமல் குறைந்துகொண்டே வந்தது. பார்ப்பவர்களுக்கு அது நல்ல அறிகுறி. நுரையீரலுக்குள் போவதை உடம்பு தடுக்காமல் விட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தம். எனக்கு அது தெரியும். அந்தப் பாடத்தில் நான் வகுப்பிலேயே முதல்.

காய்ச்சல் வந்தது. மார்பில் களகளவென்று சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து ஏற்றினால் பிழைக்க வாய்ப்பிருக்கிறது, மகள் சரி என்றால் உடனே வண்டி வரச் சொல்கிறேன் என்றாள் ரோண்டா. கோனி கூடத்தில் என்னிடம் வந்தாள். அவளுக்கு ஐம்பது வயது இருக்கும், என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ நாளைக்கு டாக்டர் ஆகப்போற புள்ள. அப்பாவும் உன்னை நம்பறாரு. நீ சொல்லு தம்பி, நான் என்ன செய்ய?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. உடனே சொன்னால் யோசிக்காமல் சொன்னது போலிருக்கும். "அவர் நிறையக் கஷ்டப்பட்டுட்டார். நிம்மதியா இருக்கட்டும்" என்றேன். அவள் தலையாட்டினாள். நன்றி சொன்னாள்.

மறுநாள் மதியம் அவள் இரண்டு வாய் சாப்பிட வெளியே போயிருந்தாள். அறையில் நான் மட்டும் இருந்தேன். பனி வெளிச்சம் நன்றாக இருந்தது. அவர் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். பிசுபிசுவென்று இருந்தது, ஆனாலும் விடவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். என்னைப் போன்ற ஒருவன் அதைச் செய்வது சுலபமில்லை. அவரால் பேச முடியவில்லை. காதருகே குனிந்து, நான் யார் என்று கேட்டேன். திரும்பவும் கேட்டேன். பல தடவை கேட்க வேண்டியிருந்தது. கடைசியில் உதடு அசைந்தது. "டாக்" என்பது வரை வந்தது, அப்புறம் மூச்சு வரவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

நேர்காணல் நன்றாகவே போனது. அவரைப் பற்றிக் கேட்டார்கள். கூழ் தெறித்ததையும் சொன்னேன், சிரித்தார்கள். இல்லத்தாரும் என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருந்தார்கள். கேட்டவர்களில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கோனிக்கு நன்றி அடங்கவில்லை. எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவளே கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசி, என் அப்பா போன செவ்வாய்க்கிழமை இறந்தபோது இந்தப் பையன்தான் பக்கத்தில் இருந்தான், இவனுக்கு இடம் கொடுங்கள் என்று அழுதிருக்கிறாள். ஜனவரியில் இறந்தவர் போன செவ்வாய்க்கிழமை எப்படி மறுபடியும் இறந்தார் என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். அளவுக்கு மீறிய பாசம் எப்போதும் இப்படித்தான் அடுத்தவர் மேல் வழிந்துவிடும்.

என் விண்ணப்பத்தை மறுபடியும் நிறுத்தி வைத்திருப்பதாகக் காலையில் சொன்னீர்கள். காரணம் பொய்த் தகவல் என்று போட்டிருக்கிறார்களாம். உங்கள் மேஜையில் இருக்கும் தாளிலும் அதே சொல்லைப் பார்த்தேன். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பீர் கொடுத்தது நான்தான். அது எங்கே போகும், போனால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தடுத்ததும் நான்தான். இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று பெயர் வைத்தாலும் உங்களோடு வாதாடமாட்டேன், அது உங்கள் தொழில். ஆனால் பொய் என்று எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். கல்லூரிக்கும் சொல்லுங்கள். நான் அனுப்பியதில் நிஜமாகாத வரி என்று ஒன்றுகூட இருக்க நான் விடவில்லை.