பேராசிரியர் அம்சவள்ளியின் முதல் சாவுச் செய்தி

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் தைலம்மாள் அம்மையார் அவர்களே, தொடர்பியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் ஒரே ஒருவரான ஜீப் ஓட்டுநர் தம்பி பகலவன் அவர்களே, இன்னும் யாரும் உட்காராமல் கிடக்கும் நூற்றைம்பது நாற்காலிகளே! எல்லாருக்கும் இந்தத் தெய்வசிகாமணியின் வணக்கம்.

நாற்காலிக்கு வணக்கம் சொல்கிறானே, ஓய்வு பெறுகிற வயதில் ஆளுக்குப் புத்தி கலங்கிவிட்டதா என்று சிலர் பார்க்கிறீர்கள். கலங்கித்தான் இருக்கிறது. இந்த நாற்காலிகள் மலை மக்களுக்காகவும் பழைய மாணவர்களுக்காகவும் போட்டவை. பதினான்கு ஆண்டு பாடம் சொன்ன முனைவர் அம்சவள்ளிக்கு இரங்கல் கூட்டம் என்றால் இந்த மண்டபம் கொள்ளுமா? கொள்ளாது! ஏன் யாரும் வரவில்லை? நாம் போட்ட செய்திக்கு வந்த பதில்களைப் படிக்கிறேன். "சார், இது பழைய மெசேஜ், தையிலயே வந்துடுச்சு." இன்னொன்று: "எத்தினி வாட்டி சார் ஒரே ஆளு சாவாங்க?"

கூட்டத்தில் விவரம் தெரியாதவர்கள் இருக்கலாம். தை மாதம் ஒரு புதன்கிழமை, அம்சவள்ளி இறந்துவிட்டதாக ஒரு பொய்ச் செய்தி கைப்பேசிகளில் கிளம்பியது. அவர் உண்மையில் இறந்தது அதற்கு முப்பத்தெட்டு நாள் கழித்து, போன வாரம்தான். சற்று முன் பேசிய முதல்வர் அம்மையார், "அந்தப் பொய்யைக் கிளப்பிய விஷமி யாரென்று கண்டுபிடித்துப் புகார் கொடுப்போம்" என்றார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். அம்மா, புகாரில் பெயருக்கு இடம் காலியாக விட வேண்டாம். அந்தப் பெயரை நான் சொல்கிறேன். சொன்ன பிறகு என்னைப் பேச விடுவீர்களோ மாட்டீர்களோ, அதனால் முதலில் அவரைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

அம்சவள்ளி எப்படிப்பட்ட ஆசிரியர்? செய்தி என்பது துப்பாக்கித் தோட்டா, சுட்டால் நேராகப் போய்த் தைக்கும் என்று நம் பாடத்தில் ஒரு பழைய கோட்பாடு உண்டு. அதை நடத்தும்போது வகுப்பே சிரிக்கிற மாதிரி சொல்வார்: "தோட்டா போற வழியில பெருசாகாது புள்ளைங்களா. சேதி பெருசாவும், கால் மொளைக்கும், பொண்டாட்டி கட்டிக்கினு வரும்." சொல்லிவிட்டுப் பிள்ளைகளை உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டுக்கு அழைத்துப் போய், லாரி ஓட்டுநர்களிடம் இரண்டே கேள்வி கேட்கச் சொல்வார். இன்று என்ன செய்தி கேட்டீர்கள்? யார் சொன்னார்கள்? இந்த இரண்டு கேள்வியிலேயே ஒருவர் வாழ்நாளைக் கழிக்க முடியுமா? இவர் கழித்தார்!

இரண்டு ஆண்டுக்கு முன் மலையில் சேலை விற்கப் போன இருவரைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியை நம்பி அடித்துப் போட்டார்கள். நினைவிருக்கிறதா? நாமெல்லாம் வருத்தப்பட்டோம், டீ குடித்தோம், மறந்தோம். அம்சவள்ளி மலை ஏறினார். அந்த வதந்தியைச் சொன்னவர் ஒவ்வொருவரையும் தேடி, "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டுக் கேட்டுப் பின்னாலேயே போனார். நாற்பது பேர். எல்லாரும் கேட்டதைத்தான் சொன்னார்கள். உருவாக்கியவர் என்று ஒருவருமே இல்லை. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "சார், இந்தப் பொய்க்கு அப்பன் ஆத்தாளே இல்ல சார். தானா பொறந்து தானா நடந்து வந்துகினு இருக்கு." நான் கேலி செய்தேன்.

அதன் பிறகு அவருக்கு ஒரே தவிப்பு. பொய் போகிற வேகத்தில் அதன் மறுப்பும் போகுமா? மலையில் பாதி ஊர்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கோடு விழாது. செய்தி ஜீப்பிலும் சந்தையிலும்தான் ஏறும். அதை அளந்துவிட்டால் நாளைக்கு இன்னொரு சேலை வியாபாரியைக் காப்பாற்றலாமே? அளப்பதற்கு ஒரு பொய் வேண்டும். புலி வந்துவிட்டது என்று போடலாமா என்றேன். "ஆடு மேய்க்கப் போவ மாட்டாங்க சார், பாவம்" என்றார். பஸ் ஓடாது என்று போடலாமா? "யாருக்காச்சும் பிரசவம் இருந்தா?" என்றார். ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தார். "யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் ஒண்ணு கெடச்சிருச்சு சார். நான் செத்துட்டேன்னு போடுவோம். சாயந்தரமே இல்லன்னு சொல்லிடலாம்."

ஆம் பெருமக்களே! அவருக்குப் பெற்றவர்கள் இல்லை, கல்யாணம் இல்லை, அழுது விழ வீட்டில் ஆளில்லை என்று எண்ணினார். இந்த ரகசியம் எங்கள் இருவரோடு நிற்க வேண்டும், அப்போதுதான் அளவு சரியாக வரும் என்றார். கல்லூரி மலரிலிருந்து அவர் படத்தை எடுத்து, மாலை போட்டு, குத்துவிளக்கு வைத்து, "இயற்கை எய்தினார்" என்று எழுதி, புதன்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பிய விஷமி வேறு யாருமில்லை. உங்கள் முன் நிற்கிற இந்தத் தெய்வசிகாமணிதான்.

முணுமுணுங்கள். நியாயம்தான். ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டு முணுமுணுங்கள்.

மதியத்துக்குள் முப்பத்தோரு ஊருக்குச் செய்தி போய்விட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு மறுப்பு அனுப்பினோம். அது எங்கேயுமே போகவில்லை. உயிரோடு இருக்கிறார் என்பதை யார் ஓடிப் போய் இன்னொருவரிடம் சொல்வார்கள்? சரி, குரலையே அனுப்பிவிடலாம் என்று அவரே பேசி அனுப்பினார். "நான் அம்சவள்ளி பேசறேன். நான் நல்லா இருக்கேன். பயப்படாதீங்க." இது போயிற்று! சாவுச் செய்தியைவிட வேகமாகப் போயிற்று! எப்படித் தெரியுமா? "செத்துப்போன டீச்சரம்மா பேசும் ஆடியோ, இதயம் பலவீனமானவர்கள் கேட்க வேண்டாம்" என்று தலைப்புப் போட்டுக்கொண்டு போயிற்று. கேட்டவர்கள் குலை நடுங்கி அழித்தார்கள், அழிப்பதற்கு முன் இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பினார்கள்.

அன்றிலிருந்து முப்பத்தெட்டு நாள் அந்தப் பெண் இந்த ஊரில் நடமாடியதைக் கேளுங்கள். சின்னசேலம் ஸ்டேஷனில் பழைய மாணவர் ஒருவர் இவரைப் பார்த்ததும் ஏறின ரயிலிலிருந்து இறங்கி ஓடினார். பழகின மளிகைக்கடையில் இவர் முகத்தைப் பார்க்காமலேயே சாமானை எடுத்து நீட்டினார்கள். மலை மக்களின் மூடநம்பிக்கை என்று யாரும் வாயெடுக்காதீர்கள். அவர்கள் பேயை நம்பவில்லை, என் செய்தியை நம்பினார்கள். கொஞ்ச நாளில் அம்சவள்ளிக்கு ஒரு பழக்கம் வந்தது. எதைப் பேசினாலும் முதலில், "சார், நான் பேசறது கேக்குதா?" என்று கேட்பார். நான் "கேக்குது மேடம்" என்று சொன்ன பிறகுதான் மிச்சத்தைப் பேசுவார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு நாள் மதியம் ஆசிரியர் அறையில் தனியாக விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் அவர் நிற்கிறார். ஒரு நொடி, ஒரே நொடி, 'இவர்தான் இறந்துவிட்டாரே, எதற்கு வந்திருக்கிறார்?' என்று என் மனம் கேட்டது. பொய்யை எழுதியவன் நான்! என் விரலால் எழுதினேன்! எனக்கே அப்படித் தோன்றியதென்றால் மற்றவர்களை என்ன சொல்வது? அவர் என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார், திரும்பிப் போய்விட்டார்.

போன வாரம் சனிக்கிழமை தனியாக மலை ஏறினார். நேரில் நின்றால் நம்புவார்கள் என்று ஒரு நப்பாசை. வெள்ளிமலையில் இறங்கி, தன்னோடு பத்து வருடம் பழகிய செல்லியம்மாளின் ஊருக்கு நடந்தார். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். செல்லியம்மாள் மட்டும் கதவை ஒருக்களித்து, தலையைத் திருப்பிக்கொண்டு, ஒரு இலையை வாசலில் வைத்துவிட்டு மறுபடி சாத்திக்கொண்டாராம். மதியம் இரண்டு மணிக்கு மேடம் எனக்கு போன் செய்தார். "கேக்குதா சார்?" "கேக்குது மேடம்." "எனக்குப் படையல் போட்டுட்டாங்க சார். சாமைச் சோறும் அவரைக் கொழம்பும். காலைலருந்து சாப்பிடல, பசி தாங்கல. உக்காந்து சாப்ட்டுட்டேன்." சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம். காலி இலையைப் பார்த்த ஊருக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அன்றோடு தீர்ந்தது.

திரும்பும்போது சாலை வளைவில் நெஞ்சுவலி. நாலரை மணி, பனி இறங்கியிருக்கிறது. வந்த ஜீப்புக்குக் கை காட்டியிருக்கிறார். ஜீப் நிற்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வந்த பஸ் நின்றது. அதன் ஓட்டுநர் புதிதாக மாற்றலாகி வந்தவர். அம்சவள்ளியை முன்பின் தெரியாது, அவரைப் பற்றிய எந்தச் செய்தியும் அவருக்கு வந்திருக்கவில்லை. அதனால்தான் நிறுத்தினார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவருக்கு அப்போது மூச்சில்லை.

தம்பி பகலவன், நீங்கள் எழுந்து நிற்பது தெரிகிறது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் இவ்வளவும் பேசினேன். மூன்று நாள் முன்பு என் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதீர்கள். "அந்தம்மா கைய காட்டிக்கினே நின்னாங்க சார். செத்தவங்க கூப்ட்டா நிக்கலாமா? நிறுத்தாம வண்டிய மிதிச்சிட்டேன். நீங்க கூட்டம் போட்டா அவங்க என்ன வுட்டுப் போயிடுவாங்களா?" என்று கேட்டீர்கள். மணிக்கட்டில் மந்திரித்த கயிறு. நான் உண்மையைச் சொல்லவில்லை. உங்கள் பயத்தைப் போக்கினால் அந்த இடத்தில் அதைவிடக் கொடியது வந்து உட்காருமே என்று தயங்கினேன். நான் உண்மையைச் சொன்ன ஓரிரு நண்பர்களும் சொன்னார்கள், "விடுங்க சார், அந்தத் தம்பி பேய்னே நெனச்சிக்கினு இருக்கட்டும், நிம்மதியா இருப்பாரு" என்று.

ஆனால் போகும்போது நீங்கள் இன்னொன்று சொன்னீர்கள் தம்பி. "அந்த வளைவுல இப்ப யாரு கை காட்டினாலும் எவனும் நிக்கறதில்ல சார்." அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமில்லை. நாளைக்கு அங்கே ஒரு பிள்ளைத்தாய்ச்சி நிற்கலாம், காய்ச்சல் குழந்தையோடு ஒருத்தி நிற்கலாம். ஒருவருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று தன் சாவையே பொய்யாக வைத்தவரை, ஆள் மாற்றி ஆள் கொல்லும் பேயாக அங்கே நிறுத்திவிட்டு நான் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

மாட்டேன்! அவர் பணியைத் தொடர்வேன் என்று எல்லாரையும் போல நானும் உறுதி சொல்கிறேன். ஆனால் கைப்பேசியில் தொடர மாட்டேன். முப்பத்தோரு ஊருக்கும் நடந்து போவேன். கதவு திறந்தால் உள்ளே நின்று சொல்வேன், திறக்காவிட்டால் தெருவில் நின்று கத்திச் சொல்வேன். பொய் சொன்னவன் நான், என் பெயர் தெய்வசிகாமணி, கதவைச் சாத்தியதும் வண்டியை மிதித்ததும் உங்கள் குற்றமில்லை என்பேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். முதல்வர் அம்மையார் புகாரை எழுதிக் கொடுக்கட்டும், மலையிலிருந்து இறங்கியதும் நானே காவல் நிலையத்தில் போய் உட்காருகிறேன்.

என்ன தம்பி? இங்கே கேட்கவில்லை. பெருமக்களே, கொஞ்சம் அமைதி, அவர் ஏதோ கேட்கிறார். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள்.

"அப்ப... உசுரோடயா சார் கைய காட்டினாங்க?"

ஆமாம் தம்பி. உயிரோடுதான்.